அனசீனியின் பிக்கப்

வவாவு தீவில், செமிசி நான்கு நாளாக அடுத்த வீட்டுப் பெண் அனசீனியின் பழைய பிக்கப் வண்டியே கதியென்று கிடந்தான். நின்ற இடத்திலேயே இஞ்சின் வேகம் ஏறி இறங்கும் இரைச்சலும், நடுவே அனசீனியின் சிரிப்பும் கேட்கக் கேட்க அவன் மனைவி லோசாவுக்கு வயிறு எரிந்தது. உரித்துக்கொண்டிருந்த கிழங்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

"கார்பரேட்டர் கோளாறு. இன்னும் ஒரு வாரமாகும்," என்றான் செமிசி.

லோசா குனிந்து காதுகொடுத்தாள். ஒரு ரப்பர் குழாய் 'உஸ்' என்று காற்றை இழுத்தது. அதன் வெடிப்பை விரலால் அடைத்தாள். இஞ்சின் சீராக ஓடியது.

"இது உன் காதுல விழலையாய்யா?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான்.

"முதல் நாளே நான் காட்டினேன், அக்கா," என்றாள் அனசீனி. "அது இல்லவே இல்லைன்னுட்டாரு."

லோசா விரலை எடுக்கவில்லை.

"போய்ப் புதுக் குழாய் வாங்கிட்டு வாய்யா. அதுவரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."