வண்டி நின்ற இடம்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெயில் எட்டிப் பார்க்காத அந்த அறையில் நாள் முழுக்க அவள் பேசுவது ஒரே வசனம்தான். "மூச்ச நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... அசையாதீங்க... ம், விட்டுடலாம்." வருகிறவர்கள் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்பார்கள். வேலை முடிந்ததும் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்கள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள் என்று வீடு சந்தைக்கடை மாதிரி இருக்கும். பேச்சை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தம்பிதான் வேறு வீடு வாங்கிக்கொண்டு போனான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் திட்டிக்கொண்டாவது பொழுதைப் போக்கியிருக்கலாம். மகளுக்குக் காலேஜ் பக்கம், அவனுக்கு ஆபீஸ் பக்கம் என்று நியாயமான காரணங்கள். "நீயும் வந்துடேன் அக்கா" என்று ஒரு தடவை சொன்னான். அந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவி புடவைத் தலைப்பில் ஏதோ நூல் பிரிந்திருப்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது வீட்டில் இரண்டே படுக்கையறை என்பது அக்காவுக்கும் தெரியும். "ஆஸ்பத்திரிக்கு ரொம்ப தூரம்பா" என்று சொல்லிவிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை.

"வாரா வாரம் வந்துடுவோம்" என்றான். முதலில் வந்தார்கள். பிறகு வருவது போனில் பேசுவதாயிற்று. அதுவும் போகப்போக "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பதில் வந்து நின்றது.

வீட்டுக்குள் காலியான அறைகளைக்கூட அவளால் தாங்க முடிந்தது, கதவைச் சாத்திவிட்டால் தீர்ந்தது. கேட்டுக்கும் வாசல் படிக்கும் நடுவில் தம்பியின் கார் நின்ற இடத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. நிழல் என்ற பேச்சே இல்லாத இடம். சக்கரம் ஏறி ஏறி இறுகிப்போன மண், நடுவில் எண்ணெய்க் கறை. வேலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் கேட்டின் இரண்டு கதவையும் கார் வருவதற்குத் தோதாக விரியத் திறந்துவிடுவாள். பிறகு தானே மூடிக்கொண்டு உள்ளே போவாள்.

ஒருநாள் தெருமுனைக் கடைக்காரர் வந்து நின்றார். "அக்கா, இடம் சும்மாதானே கெடக்கு. என் வேனை ராத்திரி மட்டும் விட்டுக்கட்டுமா?"

"இல்லைங்க, செடி வைக்கப் போறேன்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் தனக்கே அது தெரிந்தது.

"இந்தக் கட்டாந்தரையிலயா?" என்று அவர் சிரித்துக்கொண்டே போனார். சொன்ன சொல்லுக்காகவாவது இனிமேல் ஏதாவது வைத்தாக வேண்டும்.

நர்சரிக்காரரிடம் இடத்தின் லட்சணத்தைச் சொன்னாள். அவர் ஒரு மூலைக்குக் கூட்டிப்போய்ச் சின்னச் சின்னத் தொட்டிகளைக் காட்டினார். விரல் உயரம்கூட இல்லை. தடித்த குட்டி இலைகள், தண்டெல்லாம் தரையோடு தரையாக ஓடியிருந்தது. "பேரு வாயில நுழையாது. நாங்க பாய்ச்செடின்னு சொல்லுவோம். வெயில் இருந்தாப் போதும், பாய் விரிச்ச மாதிரி படர்ந்துக்கும். வருஷா வருஷம் பூக்கும்."

வாங்கி வந்து, குழி தோண்டி, எரு போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். விடுமுறை நாளில் மத்தியானமும் ஒரு செம்பு. வேலைவிட்டு வந்ததும் போய்க் குனிந்து பார்ப்பதற்கு ஒன்று இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. வெறுமனே பார்த்துவிட்டு வர மனசு வராது. அதனால் இன்னொரு செம்பு. கொஞ்ச நாளில் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தண்டு கறுத்து, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது.

நர்சரிக்காரர் அதை மோந்து பார்த்தார். "தண்ணியிலயே கொன்னுட்டீங்களே. பாசத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க அக்கா. எருவும் வேணாம். மண்ணைக் கொத்தி, மணலும் பொடிக்கல்லும் பாதிக்குப் பாதி கலந்து, கொஞ்சம் மேடாப் போட்டு வைங்க. இலைக்கு அடியில ஈரம் நிக்கக் கூடாது, கல்லு பரப்பி விடுங்க. வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி. அதுக்கப்புறம் இலை சுருங்கினாத்தான்."

"சுருங்கலைன்னா?"

"சும்மா இருங்க."

சும்மா இருப்பதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது. கடப்பாரையால் அந்த மண்ணைப் பெயர்ப்பதற்குள் உள்ளங்கை கொப்புளித்தது. எண்ணெய் ஊறிய மண்ணைச் சாக்கில் அள்ளி அப்புறப்படுத்தினாள். புதுச் செடிகளை ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டு, சுற்றிலும் பொடிக்கல் பரப்பினாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வெயில் காலத்துக்குள் செடி செடியைத் தொட்டுவிட்டது. ஒடிந்து விழுந்த தண்டுகூடக் கிடந்த இடத்தில் வேர் விட்டது. பிறகு பூக்கத் தொடங்கியது. கத்தரிப்பூ நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவு, இலையே தெரியாத அளவுக்கு. வெயில் ஏறினால்தான் விரியும், சாயங்காலம் மூடிக்கொள்ளும். அவள் கிளம்பும்போது எல்லாம் மொட்டு, திரும்பும்போது எல்லாம் சுருங்கிப்போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் முழுசாகப் பார்க்கக் கிடைத்தது. முதல் ஞாயிறன்று படியில் உட்கார்ந்து மத்தியானம்வரை பார்த்தாள். பார்த்ததைச் சொல்ல ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஒரு தடவை வந்து பாருப்பா. வாசல்ல ஒண்ணு வச்சிருக்கேன்."

"என்ன அக்கா?"

"வந்து பாரேன்."

அவள் குரலில் என்ன தெரிந்ததோ, அடுத்த ஞாயிறே வருகிறேன் என்றான்.

அன்று விடிந்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்டை விரியத் திறந்து வைத்தாள். சமைத்தாள், மேஜையைத் துடைத்தாள், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். பூக்கள் முழுசாக விரிந்திருந்த நேரம். தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது, எப்போதும் போல இரண்டு குட்டிச் சத்தம். ஓடி வந்து படியில் நின்றாள்.

கார் கேட்டுக்கு வந்தது. வளைந்தது. தம்பி ஏதோ பேசிக்கொண்டே, பக்கத்தில் இருந்த மனைவியின் பக்கம் முகத்தைத் திருப்பியபடி, இத்தனை வருஷம் செய்த மாதிரியே ஒரே திருப்பில் நேராக உள்ளே ஏற்றி நிறுத்தினான். கல் நொறுங்கும் சத்தம் கேட்டது.

அவள் கையைக் காட்டியிருக்கலாம். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். பூவுக்கு மேல் சக்கரம் ஏறுவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் மனசுக்குள் முதலில் வந்தது பதைப்பு இல்லை, சந்தோஷம். கார் இடத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் தோன்றியது.

"அய்யய்யோ, என்னங்க இது!" தம்பி மனைவிதான் முதலில் பார்த்தாள். கதவைத் திறந்தவள் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். "பூ மேல ஏத்திட்டீங்களே! அண்ணி, இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?"

தம்பி இறங்கிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். "நீ ஏன் அக்கா நிறுத்தச் சொல்லல?"

"உன் இடந்தானேப்பா."

அவன் மறுபடி ஏறி உட்கார்ந்தான். காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினான். பாயின் நடுவே இரண்டு பட்டையாகச் சாறு கசிந்த தடம். சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், மகளின் காலேஜ் கதைகளைக் கேட்டார்கள். கிளம்பும்போது தம்பி அவள் தோளைத் தொட்டு, "இனிமே வெளியிலயே விடறேன் அக்கா, கவலைப்படாதே" என்றான்.

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அவளுக்குச் சுருக்கென்று இறங்கியது. வெளியில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே வருகிறவர்களை விருந்தாளி என்பார்கள்.

கார் கண்ணுக்கு மறைந்ததும் மண்வெட்டியை எடுத்து வந்தாள். ஓரத்தில் ஒரு கொத்து. பாய் சுருட்டுகிற மாதிரியே சுருண்டு வந்தது. இரண்டாவது கொத்துக்கு ஓங்கும்போது எதிர்வீட்டு மாடி ஜன்னலிலிருந்து குரல் கேட்டது. "அக்கா! அக்கா, நிறுத்துங்க!"

தையல்காரம்மா. வருஷக் கணக்காக எதிரெதிரே இருந்தும் தலையாட்டலோடு சரி. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு எந்நேரமும் குனிந்தே இருப்பாள். இப்போது கழுத்தில் அளவு டேப்போடு படியிறங்கி, மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"என்ன பண்றீங்க? காரு ஏறினதுக்காகவா? நசுங்கினதுதானே, துளுத்துக்கும்."

"வண்டி விட இடம் வேணும்."

"யாரு வண்டி? உங்ககிட்டதான் வண்டி கிடையாதே."

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரம்மா அவள் கையிலிருந்த மண்வெட்டியை மெதுவாக வாங்கிச் சுவரில் சாய்த்தாள். சுருண்டு கிடந்த துண்டைத் தூக்கி, புரட்டி, இருந்த இடத்திலேயே வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள். துணிக்கு ஒட்டுப் போட்டு நீவுகிறவள் கை.

"வேலைநாள் முழுக்க இதைப் பாக்கறது நான்தான் அக்கா. நீங்க எங்க பாக்கறீங்க? மத்தியானத்துல கண்ணு எரிஞ்சா நிமிர்ந்து இதைத்தான் பாப்பேன். புடுங்கறதுன்னா என்னையும் ஒரு வார்த்தை கேக்கணும்ல?"

அக்காவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நசுங்கிய இரண்டு பட்டையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுச் சக்கரத்துக்குக் கல் போட்டு விடுவது. மற்றது இருக்கட்டும். வெட்டியதில் உயிருள்ள தண்டுகளைப் பொறுக்கி, தையல்காரம்மா தன் ஜன்னல் தொட்டிக்கு எடுத்துப் போனாள்.

பல மாதம் கழித்துத் தம்பி குடும்பம் மறுபடி வந்தது. இரண்டு ஹாரன் சத்தம். அக்கா ஓடிப்போய், "பாருப்பா, சக்கரத்துக்கு வழி விட்டிருக்கேன், உள்ள வா" என்று கையைக் காட்டினாள்.

"வேண்டாம் அக்கா, எதுக்கு ரிஸ்க்கு?" தெருவிலேயே நிறுத்தினான். மூவரும் செருப்பைப் பார்த்துப் பார்த்து வைத்து ஓரமாக நடந்து வந்தார்கள். தம்பி மனைவி, "அழகா இருக்கு அண்ணி" என்று மனசாரச் சொன்னாள். இருட்டுவதற்கு முன் கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கல் பட்டைகளை அவள் துப்புரவாக வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமிருந்தும் தண்டுகள் கல்லின் மேல் ஊர்ந்து வந்தன. ஒதுக்கி விடவுமில்லை, ஊக்குவிக்கவுமில்லை.

வேலையில் லீவு கொஞ்சம் சேர்ந்திருந்தது. ஒரு புதன்கிழமை லீவு போட்டாள். படியில் உட்கார்ந்து பார்த்தாள், வழக்கம்போல மத்தியானம் நீண்டுகொண்டே போனது. எழுந்து, தெருவைக் கடந்து, முதல் தடவையாக அந்த மாடிப்படி ஏறினாள்.

"வாங்க, வாங்க" என்று தையல்காரம்மா முக்காலியில் இருந்த துணியை அள்ளிக் கீழே வைத்தாள். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பேசுவதற்கென்று இருவருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரம்மா ஒரு ரவிக்கையைத் தூக்கி அக்கா மடியில் போட்டாள்.

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு இந்தக் கொக்கியைத் தச்சுக் கொடுங்களேன். தெரியும்ல?"

"தெரியாது."

"அப்போ இப்படிக் கொடுங்க, காட்டறேன்."