பிள்ளையாருக்கு முளைத்த குடை

ராவாங் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு இளவட்டங்களை செம்பனைத் தோட்டத்தின் மூன்றாம் பிளாக்கில் பிடித்தபோது, ஒருவன் செம்பனை மரத்தைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். மற்றவன் மரத்தின் சார்பில் மன்னித்துக்கொண்டிருந்தான். அவர்கள் பையில், தின்றால் போதையேறும் சாணிக் காளான் அரைக் கிலோ இருந்தது. போலீஸ் வந்து மரத்தைத் தவிர எல்லாரையும் விசாரித்தது.

கடைசியில் அது வீரன் தலையில் வந்து விடிந்தது. புக்கிட் பெலிம்பிங்கை ஒட்டிய அந்தத் தோட்டத்தில் மாடு வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். ஏழு உருப்படி, செம்பனைக்கு அடியில் மேய்பவை. மேனேஜர் தேவதாஸ் அவனை ஆபீசுக்கு அழைத்து, பொங்கலுக்குள் தோட்டத்து எல்லையில் அவன் மாட்டுச் சாணியில் ஒரே ஒரு காளானைப் பார்த்தாலும் ஏழும் லோரி ஏறிவிடும் என்றார். குரலை உயர்த்தவில்லை. தேவதாஸ் குரலை உயர்த்தாமல் சொன்ன எதுவும் நடக்காமல் போனதில்லை.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீரனை விடியலில் எழுப்புவது அந்த ஏழும்தான். அவையும் போய்விட்டால் எதற்காக எழுந்திருப்பது என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பயமாக இருந்தது.

அந்த வாரமே பல்கலைக்கழகத்திலிருந்து ரூபினி என்ற பெண் காளான்களை ஆராய வந்தாள். தோட்டத்தில் அந்தக் காளானைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான். அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னாள். வீரன் வாயில் அது நிற்கவில்லை. விஷயம் மட்டும் மண்டையில் ஏறியது. காளானிலிருந்து கறுப்புத் தூள் உதிர்ந்து புல்லில் ஒட்டும். மாடு புல்லைத் தின்னும். தூள் வயிற்றில் செரிக்காமல் சாணியோடு வெளியே வரும். ஈரம் காயாமல் இரண்டு மூன்று வாரம் போய், நல்ல மழையும் பெய்தால் ராத்திரியோடு ராத்திரியாக முளைத்துவிடும். தொப்பி தேன் நிறம், தண்டில் ஒரு வளையம். நசுக்கினால் நீலம் பாரிக்கும்.

"அப்ப வெதைக்கிறதே என் மாடுதானா?" என்று கேட்டான் வீரன்.

"மாடு ஒண்ணும் செய்யல அங்கிள். அது பஸ்ஸு மாதிரி. ஏத்திக்கிட்டு வந்து எறக்கிவிடும், அவ்ளோதான் லா."

ஏழு பஸ்ஸுக்குச் சொந்தக்காரனான வீரன் மறுநாளே மண்வெட்டியும் சாக்குமாகக் கிளம்பினான். மாடுகள் முன்னால் போக, அவன் பின்னால் போனான். போட்ட சாணி சூடு ஆறுவதற்குள் அள்ளி, தகரத்தில் பரப்பி, காய்ந்ததும் எரித்தான். செவலை மட்டும் ஒரு கட்டத்தில் திரும்பி நின்று அவனைப் பார்த்தது. ஐந்து வருஷமாக இல்லாத மரியாதை இப்போது எதற்கு என்று அதற்கு விளங்கவில்லை. மார்கழி பாதி போன பிறகும் பிளாக்குகளில் ஒரு பொட்டுச் சாணி கிடையாது. தேவதாஸ் இரண்டு தடவை ஜீப்பில் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் போனார்.

ஆனால் மார்கழி முதல் நாள், தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் சின்னத்தாய் கேட்டாள் என்று, செவலையின் சாணியில் ஒரு பெரிய உருண்டை கொடுத்திருந்தான். அவள் பிள்ளையார் பிடித்து, அருகம்புல் செருகி, பூசணிப் பூ வைத்துக் கோயில் வாசல் கோலத்தில் உட்கார்த்தினாள். மாதம் முழுக்க இருந்து, பொங்கல் கழிந்து ஆற்றில் கரையவேண்டிய பிள்ளையார். தினமும் காலையில் அவள் அவருக்குத் தண்ணீர் தெளித்தாள். வீரனும் தினமும் சாக்கை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனான். அது அவனுக்குச் சாணியாகவே தோன்றவில்லை. பிடித்து வைத்துப் பூச்சூட்டிய பிறகு யாருக்குத்தான் தோன்றும்?

மார்கழி இருபத்து நான்காம் நாள். மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. வீரன் கோயிலுக்கு வந்தபோது லயத்து வீட்டு ஜனம் முழுக்க வாசலில் நின்றது. பிள்ளையார் தலையில் தேன் நிறத்தில் குடை விரிந்திருந்தது. தோளில் இன்னும் இரண்டு சின்னக் குடைகள். சதுர்த்திக்கு நாம் காகிதக் குடை வைக்கிறோம், இந்த வருஷம் மழை அதிகமென்று அவரே பிடித்துக்கொண்டார் என்றாள் சின்னத்தாய். அவள் கண்ணில் நீர் நின்றது. சேதி கேட்டுத் தேவதாஸும் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். வீரன் குனிந்து தண்டைப் பார்த்தான், அந்த வளையம் இருந்தது.

சின்னத்தாய் பெரிய குடையைக் கிள்ளி எடுத்து, வெற்றிலையில் பிய்த்து வைத்து, சர்க்கரை தூவினாள். முதல் துண்டு மேனேஜருக்கு, அடுத்தது அவள் மகள் துளசிக்கு. துளசிக்கு ஆறாம் மாதம்.

மேனேஜர் மட்டும் தின்பதென்றால் வாயைத் திறந்திருப்பானா என்பது வீரனுக்கே சந்தேகம்தான். துளசி கையை நீட்டினாள்.

"அதத் திங்காதீங்க," என்றான் வீரன்.

சொன்னால் போதாது என்று, ஒரு சின்னக் குடையைப் பிடுங்கித் தண்டை நசுக்கி எல்லாருக்கும் காட்டினான். அது நீலம் பாரித்தது. காட்டியது தப்பாகிவிட்டது. நீலத்தைக் கண்டதும் கூப்பிய கைகள் இன்னும் உயர்ந்தன. இரண்டு கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சாமி இல்லம்மா இது. மரத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டானே, அந்தப் பையன் தின்ன காளான். புள்ளத்தாச்சி வாயில வைக்கக்கூடாது."

துளசியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. சின்னத்தாய் வெற்றிலையை மடித்துக் கீழே வைத்தாள். தேவதாஸ் தன் பங்கை விரல் நுனியில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை வெற்றிலை மேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது யாரு மாட்டுச் சாணி?"

எல்லாருக்கும் தெரிந்த கேள்விதான். வீரன் பொய் சொல்லிப் பழகாதவன். மாடுகள் லோரியில் ஏறுவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. செவலை கடைசியாகத்தான் ஏறும், பிடிவாதக்காரி. அவன் வாயைத் திறந்தான்.

"கடையில வாங்குனது சார்," என்றாள் சின்னத்தாய்.

"எந்தக் கடை?"

"கோல சிலாங்கூர்ல. பூஜைச் சாமான் கடை. பாக்கெட்டுச் சாணி."

"பாக்கெட்டுலயா இவ்வளவு பெரிய பிள்ளையார்?"

"ரெண்டு பாக்கெட்டு."

"மூணு," என்றாள் துளசி. கை இன்னும் வயிற்றில்தான் இருந்தது.

தேவதாஸ் கூட்டத்தைப் பார்த்தார். கோயில் வாசலில், பிள்ளையாருக்கு முன்னால், ஐம்பது பேர் பாக்கெட்டுதான் என்று தலையாட்டினார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். இனிமேல் வேறு கடையில் வாங்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீரன் தூணில் சாய்ந்து அழுதான். சின்னத்தாய் மிச்சமிருந்த குடையைப் பிடுங்கி வெற்றிலையோடு அடுப்பில் போட்டாள். பிள்ளையாரை இன்றைக்கே ஆற்றில் கரைக்கவேண்டும் என்றாள்.

"நாளைக்கு வேற புடிக்கணும். செவலை சாணியே கொண்டாண்ணே, புதுசா," என்றாள். "பொங்கலுக்கு அஞ்சாறு நாள்தான இருக்கு. அதுக்குள்ள மொளைக்காது லா."