நடேசன் டிஜிட்டல்ஸில் பொழுது விடிந்த விதம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நான் யோசித்ததல்ல. வில்லியனூரில் பஸ் ஏறி மூலக்குளம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டபோது பக்கத்து சீட்டிலிருந்த அர்ச்சனா சொன்னது. அவளும் நானும் ஒன்றாகத்தான் கல்லூரியில் சேர்ந்தோம். அவள் படித்து முடித்துவிட்டாள். என் விஷயத்தில் கல்லூரிக்கும் எனக்கும் இன்னும் கருத்து ஒற்றுமை ஏற்படவில்லை.

எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். எழுது, ஆனால் முடிப்பதற்குள் எனக்கு அனுப்பு என்றாள். அனுப்பினேன். பதிலுக்கு அவள் அனுப்பிய குரல் செய்திகளை ஆங்காங்கே பகர அடைப்புக்குள் கொடுத்திருக்கிறேன். அவற்றை எடுத்துவிடச் சொன்னாள். கதையில் எனக்கும் கொஞ்சம் அதிகாரம் வேண்டுமில்லையா, எடுக்கவில்லை.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள் நடந்தன.

"பனி மூடிய சிகரத்தின் மீது பொன்னிறக் கதிர்கள் மெல்லப் படர்ந்த அந்த வேளையில்—"

இது வேண்டாம். எங்கள் கொம்யூனில் (புதுச்சேரியில் பஞ்சாயத்தை இப்படித்தான் சொல்வோம்) சிகரம் கிடையாது. உயரத்திலிருந்து எதையாவது பார்க்க வேண்டுமென்றால் குடிநீர்த் தொட்டிமேல்தான் ஏற வேண்டும். வாட்ச்மேன் விடமாட்டார்.

"கரும்பு நஷ்டத்தில் ஒடிந்துபோன தந்தையின் முகம் அர்ச்சனாவின் கண்முன்—"

[டேய், எங்கப்பா கரும்பு நல்லாத்தான்டா இருக்குது. நெட்டப்பாக்கத்துல வந்து பாரு. சும்மா ஒடிக்காத.]

"அர்ச்சனா கம்ப்யூட்டரில் வால்பேப்பர் மாற்றினாள்."

இது உண்மை. இதுவே இருக்கட்டும்.

2

மூலக்குளத்தில் நடேசன் டிஜிட்டல்ஸ் என்றொரு பேனர் கடை இருக்கிறது. (நிஜப் பெயரல்ல. நிஜப் பெயர் இதைவிட நீளம்.) அர்ச்சனா அங்கே டிசைனர், போன மாதம்தான் சேர்ந்தாள். பேனர் டிசைன் என்றால் தலை வெட்டுவது. கல்யாணமோ காதுகுத்தோ, அழைப்பவர் தரப்பில் இருக்கிற எல்லாத் தலைகளையும் போட்டோவிலிருந்து வெட்டி, அடியில் வரிசையாக நட வேண்டும். சிலர் கைகூப்புவார்கள். சிலர் போனைக் காதில் வைத்திருப்பார்கள். அந்தப் போனில் யார் பேசுகிறார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

சேர்ந்த இரண்டாவது வாரத்தில் அவள் ஒரு மாப்பிள்ளையின் சித்தப்பாவை வெட்டும்போது மீசையையும் சேர்த்து வெட்டிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்து கடையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். நடேசன் சத்தம் போடவில்லை. "இன்னொரு பேனர் இப்டி வந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேம்மா" என்று மட்டும் சொன்னார்.

இங்கே அவளுக்கு ஏன் இந்த வேலை அவசியம் என்று ஒரு சோகக் காரணம் வைக்க நினைத்தேன்.

[சோகமெல்லாம் ஒன்னும் இல்ல. எனக்கு அந்த வேல புடிச்சிருக்குது. போனா அழுவேன். அவ்ளோதான், எழுது.]

எழுதிவிட்டேன். அவ்வளவுதான் காரணம்.

3

நாள் முழுக்கத் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் தலையில்லாத எதையாவது பார்க்க வேண்டும் போல் அவளுக்கு இருந்தது. நேரத்துக்குத் தகுந்தாற்போல் மாறுகிற வால்பேப்பர் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சாப்பாட்டு இடைவேளையில் தேடினாள். முதல் தளத்தில் டவுன்லோட் என்று ஐந்து பச்சைப் பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் ரம்மி ஆடக் கூப்பிட்டது. இன்னொன்று, உங்கள் கம்ப்யூட்டருக்கு வைரஸ் என்று பதறியது. மூன்றாவது தளத்தில்தான் நல்லதாக ஒரு சின்ன மென்பொருள் கிடைத்தது. ஊர் எது என்று கேட்டது. மூலக்குளம் என்று அடித்தாள், அதற்குத் தெரியவில்லை. புதுச்சேரி என்றதும் ஒத்துக்கொண்டது.

ஒரே மலை, ஒரே இடத்திலிருந்து எடுத்த பதினாறு படங்கள். விடியலில் மஞ்சள், உச்சியில் நீலம், சாயங்காலம் சிவப்பு, அப்புறம் நட்சத்திரம். கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்து அதுவே மாற்றிக்கொள்ளும்.

மலை மாறுவது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நடேசன் திரையைப் பார்ப்பதில்லை, பிரிண்டரைத்தான் பார்ப்பார்.

4

பாகூரிலிருந்து ஒரு காதுகுத்து ஆர்டர் வந்தது. குழந்தை பிரியதர்ஷினி. ஒன்றரை வயது. அவளுக்கு இந்தக் கதையில் வசனம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் குழந்தையின் அப்பா புகழேந்தி வந்தார். மாடல் காட்டலாமென்று அர்ச்சனா எதையோ சின்னதாக்கியபோது பின்னால் மலை தெரிந்தது.

"இன்னா மாடலு? பின்னாடி தோ இருக்குதே மலை, அத்தையே போடும்மா. ஜம்முனு கீது."

மத்தியானம் அம்மா புவனேஸ்வரி தலைகளின் போட்டோக்களைக் கொண்டுவந்தார். "அவரு சொன்ன மலை இதானா? நல்லா இருக்குதுமா. இப்டியே இருக்கட்டும்."

சாயங்காலம் தாய்மாமன் அரிகரன் வந்தார். காதுகுத்தில் குழந்தை உட்காரப்போவது மாமன் மடியில்தான். சீர் கொண்டு வருவதும் மாமன்தான். ஆகவே பேனரில் மாமன் திருப்தி முக்கியம். அவர் மலையை ரொம்ப நேரம் பார்த்தார். "இதே கலரு. ஒரு சொட்டு மாறக் கூடாது, சொல்ட்டேன்."

அர்ச்சனா மூவரிடமும் சரி சரி என்றாள். ஆர்டரில் 'மலை' என்று குறித்தாள்.

[தல வெட்டிக்கினு இருந்தேன்டா. மொத்தம் நாப்பது தல. நீ இருந்தா மலைய மட்டும் கவனிச்சிருப்பியா?]

இருந்திருந்தால் தலையையும் கவனித்திருக்க மாட்டேன்.

5

சனிக்கிழமை பொழுது போன பிறகு மூவரும் குழந்தையோடு ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பிரிண்ட் போடுமுன் பார்க்க வேண்டுமாம். அர்ச்சனா திரையைத் திருப்பினாள். மலை கும்மிருட்டாக இருந்தது.

"இன்னாமா இது, அமாவாசையா?" என்றார் புகழேந்தி. "நான் சொன்னது மஞ்ச கலரு."

"மஞ்சளா? நீலமா இருந்துச்சுங்க" என்றார் புவனேஸ்வரி. "நான்தான பாத்தேன்."

"அக்கா, செவப்பு." அரிகரன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மாமா மஞ்சன்றாரு, நீ நீலம்ன்ற. ஏன், நான் சொல்லிட்டேன்னு மாத்துறீங்களா?"

"மாப்ள, உன்ன யாரு இப்ப இன்னா சொன்னா?"

"சொல்லத் தேவல மாமா. பேனர்லயே தெரியுது."

பிரிண்டரை விட்டுவிட்டு நடேசன் திரும்பிப் பார்த்தார். அர்ச்சனா அவசரமாக அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, மூணு பேரு சொன்னதும் கரெக்டுதான். அது நேரத்துக்கு ஏத்த மாதிரி மாறுற படம்."

"படம் எப்டிமா மாறும்?" என்றார் அரிகரன். "நான் மாறுனாலும் படம் மாறாது."

அவள் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் திறந்து மணியைக் காலை ஆறாக்கினாள்.

நடேசன் டிஜிட்டல்ஸில் பொழுது விடிந்தது.

(இந்த வரிக்காகத்தான் நான் இந்தக் கதையை எழுத ஒத்துக்கொண்டேன். தனியாகவே நிற்கட்டும்.)

மணியைப் பன்னிரண்டாக்கினாள், நீலம். ஆறரையாக்கினாள், சிவப்பு. "தோ! தோ! இதான் நான் சொன்னது!" என்று அரிகரன் எழுந்துவிட்டார். "திரும்பி விடியவை" என்றார் புவனேஸ்வரி. விடியவைத்தாள். ஆட்டோக்காரரும் எதிர்க்கடை டீ மாஸ்டரும் உள்ளே வந்தார்கள். மூலக்குளத்தில் அன்றைக்கு எட்டு முறை விடிந்தது.

பில் போடுகிற மென்பொருள் குழம்பிப்போய், தேதி சரியில்லை என்று சிவப்பில் திட்டியது. அதை யாரும் சட்டை செய்யவில்லை.

6

அடுத்து ஒரு முடிவு வைத்திருந்தேன். குழந்தை பிரியதர்ஷினி பிஞ்சுக் கையை நீட்டித் திரையில் ஒரு மலையைத் தொடுகிறாள், குடும்பமே உருகி—

[கொழந்த தூங்கிடுச்சிடா. ஆட்டோலயே தூங்கிடுச்சி.]

நிஜத்தில் நடந்தது இதுதான். "நீயே பாத்து எதுனா ஒன்னு போடுமா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மூவரும் கிளம்பினார்கள். போகிறபோது ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, தான் சொன்னதையே போடும்படி காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். நான்காவதாக அவள் அருகில் வந்தவர் நடேசன்.

"மூணு பேர்ல ஒருத்தர் மூஞ்சிய தூக்குனாலும் திங்கக்கெழம வராதம்மா."

அர்ச்சனா உட்கார்ந்தாள். ராத்திரிப் படங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மெல்லிய பட்டைகளாக வெட்டினாள். ஒரு மாதமாகத் தலை வெட்டிய கை. இடது ஓரத்தில் விடியல், நடுவில் உச்சிவெயில், வலது ஓரத்தில் அந்தி என்று ஒரே மலையில் ஒரு முழுப் பகலையும் ஒட்டினாள். அப்பா சொந்தங்களை விடியலில் நட்டாள். அம்மாவையும் குழந்தையையும் நடுவில் வைத்தாள். அந்தி முழுவதையும் தாய்மாமனுக்குக் கொடுத்தாள்.

7

மறுநாள் பாகூரில் புகழேந்தி வீட்டெதிரே பேனர் ஏறியது. மாமன் சீர்த்தட்டோடு வந்து தன் சிவப்பைப் பார்த்தார். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார். புகழேந்தி மஞ்சளில் எடுத்தார். யாரும் முகத்தைத் தூக்கவில்லை. கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

ஆனால் டீக்கடைகளும் ஆட்டோக்களும் ஓடுகிற வட்டாரம் இது. மூலக்குளத்தில் மலை மாறியது என்ற சேதி, பாகூர் வந்து சேர்வதற்குள் பேனர் மாறும் என்று ஆகிவிட்டது. எதிரே ஒரு புளியமரம். காலையில் அதன் நிழல் பேனரின் வலது பாதியில் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் இடது பாதிக்கு வந்தது. "காத்தால மஞ்ச பளிச்சுனு இருந்துச்சு, இப்ப பாரு செவப்பு பளிச்சுன்னு" என்று பந்தியில் பேச்சு. சாப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ராத்திரி ஆனால் நட்சத்திரம் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

அர்ச்சனா கூப்பிட்டு நானும் போயிருந்தேன். (இது மட்டும் அவள் பஸ்ஸில் சொன்னதல்ல, நானே பார்த்தது.) நடேசனும் வந்திருந்தார். பேனருக்குக் கீழே தெரு நிறைய ஜனம். ஆகாயம் மங்கியது. பேனரில் மஞ்சள் போனது, நீலம் போனது, கடைசியாக மாமனும் மங்கினார்.

"மாறுதுடா!" என்று ஒரு குரல். ஒரே கைத்தட்டல்.

"இருட்டுனா எல்லாந்தான் மாறும்" என்றேன்.

"கம்னு இருப்பா" என்றார் நடேசன். அவரைச் சுற்றி நாலு பேர், மாறுகிற பேனர் தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அர்ச்சனா பக்கம் திரும்பினார். "திங்கக்கெழம கொஞ்சம் சீக்கிரமா வந்துடும்மா."

அவள் என் தோளில் ஓங்கி அடித்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று எழுதலாமா?

[எழுதுனா இன்னொன்னு விழும்.]

கதை உண்மையில் முடிய வேண்டிய நேரம் இதுதான், ஆனால் சீரியல் லைட் போடுகிற பக்கிரி, பேனருக்கென்று கட்டிய பெரிய ஃபோகஸ் லைட்டின் சுவிட்சில் விரல் வைத்துக்கொண்டு நிற்கிறார். போட்டால் காலை, மத்தியானம், அந்தி மூன்றும் சேர்ந்து பளீரென்று விடியும். போடாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் மலைக்கு மேலே, பேனரைத் தாண்டி, அசல் நட்சத்திரங்கள் வரும். ஜனமும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப்பேர் "போடு" என்கிறார்கள். பாதிப்பேர் "இருய்யா, இரு" என்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும்.

"இன்னாபா," என்று பக்கிரி உங்களைத்தான் பார்க்கிறார், "போடட்டா?"