தச்சர் பெயரில் ஏறிய கோடு

சென்ற ஆண்டு மார்ச் முதல் வாரத்தில், பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் இருக்கும் சிறிய மருத்துவ நிலையம், சர்க்கரை நோயாளிகளின் காகிதக் கோப்புகளைக் கட்டி வைத்துவிட்டுக் கணினிக்கு மாறியது. ஆளுக்கொரு கையடக்கக் கருவி கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால், எண் கைப்பேசி வழியாகப் போய் நிலையத்துக் கணினியில் அவரவர் பெயரில் உட்கார்ந்துகொள்ளும். வராவிட்டால் நினைவூட்டல் வரும்.

அந்த நோயாளிகளில் ஒருவரான தச்சருக்கு அந்த நினைவூட்டல் பெரிய தொல்லையாக இருந்தது. இழைப்புளியும் உப்புத்தாளும் பிடித்துப் பிடித்து அவர் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. குத்தினால் வலித்தது, ரத்தம் வரவில்லை. போதாக்குறைக்கு, எண் இறங்காவிட்டால் இனி இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உளி பட்டுக் கை கிழிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிற மனிதர், ஊசி என்றதும் முகம் வெளுத்துவிடுவார். ஒருநாள் காலை நாலாவது விரலையும் குத்திவிட்டு அவர் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தபோது, தையல் மெஷினை விட்டு மனைவி எழுந்து வந்தாள்.

"இங்க கொண்டாங்க. எனக்கு ஊசி என்ன புதுசா?"

தன் விரலைக் குத்திச் சொட்டு வைத்தாள். தொண்ணூற்றெட்டு என்று வந்தது.

"இது தப்பில்லையா?" என்றார் அவர்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன உன் ரத்தம், என் ரத்தம்? மெஷினுக்குத் தெரியவா போகுது. கிளம்புங்க, நேரமாச்சு."

அன்று மாலையே 'மிக நன்று' என்று நிலையத்திலிருந்து செய்தி வந்தது. மறுநாள் அவர் கேட்காமலே அவள் விரலை நீட்டினாள். பிறகு அது பல் தேய்ப்பது மாதிரிப் பழகிவிட்டது. அவர் தொடக் கூடாத ஜாம் ரொட்டியையும் வீணாக்க மனமில்லாமல், அவர் பார்த்து ஏங்காதபடி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அவளே தின்று தீர்த்தாள்.

மூன்று மாத சராசரிப் பரிசோதனைக்கு முன்பாகவே நர்ஸ் அவரை அழைத்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டு போனார். நர்ஸ் சிரித்த முகத்தோடு, அவருடைய எண்களைக் கோடாக இணைத்துக் காட்டிய திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"ஐயா, இந்த மாதிரி ஒரு கோடு இங்க வேற யாருக்கும் இல்ல. டாக்டர் உங்களுக்கு ஊசி வேண்டாம்னுட்டார்."

அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தவர், திரையைப் பார்த்து நிறுத்தினார். ஒரு பலகை நூலளவு சாய்ந்திருந்தாலும் அவருக்குக் கண்ணை உறுத்தும்.

"இது மட்டமா இல்லையே சிஸ்டர். வலது பக்கம் ஏறுது."

"ஏறத்தான் செய்யுது. தொண்ணூத்தெட்டுல ஆரம்பிச்சு இப்ப நூத்திப்பதினேழு. உங்களுக்கு நூத்திமுப்பது வரைக்கும் இருக்கலாம். தங்கமான எண். சர்க்கரையே இல்லாத ஆளுக்கு இப்படி ஏறினாத்தான் நான் கவலைப்படணும்."

"ஏன்?"

"சர்க்கரை வாசல்ல வந்து நிக்குதுன்னு அர்த்தம். அப்பவே பிடிச்சா திருப்பி அனுப்பிடலாம். விட்டா உள்ள வந்து உக்காந்துக்கும். அது எதுக்கு உங்களுக்கு?"

தச்சர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் அவளிடம் மட்டும் சொல்லி, வேறெங்காவது பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம். ஊசியும் வேண்டாம், மானமும் போகாது. ஆனால் அவள் போக மாட்டாள். எனக்கென்ன கேடு என்பாள். கையில் இருக்கிற ரவிக்கைகளை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்பாள். அதற்குள் புதிதாக நாலு ரவிக்கை வந்துவிடும். அவருக்குத் துணையாக எத்தனையோ முறை இந்த அறைக்கு வந்தவள், ஒருமுறைகூட இந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"சிஸ்டர், அது என் ரத்தம் இல்ல. என் வீட்டுக்காரியோடது."

நர்ஸ் அவரைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்து விரல் நுனியை அழுத்திப் பார்த்தார்.

"அவங்களை உடனே வரச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் தனித்தனியா திட்ட எனக்கு நேரமில்ல."

கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்றாள் மனைவி. நர்ஸ் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"இத்தன வருஷமா நான் செஞ்சதெல்லாம் உங்க பேர்லதான் போச்சு," என்றாள் கணவரிடம். "கடைசில என் சர்க்கரையுமா?"

நர்ஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். தச்சரும் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. அவள் அவரைப் பார்த்து, "சரி, சரி, இப்பவாவது வாயத் திறந்தீங்களே," என்று நாற்காலியைவிட்டு அவரை எழுப்பிவிட்டு, தான் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் பெயரில் புதிய பதிவு தொடங்கியது.

"வயசு?"

"ஐம்பத்திரண்டு."

"நாலு," என்றார் தச்சர்.

"இதுலயாவது என் இஷ்டத்துக்கு விடுங்களேன்."

நர்ஸ் ஐம்பத்து நான்கு என்று அடித்தார். பழைய எண்களை அழிக்க முடியாது. ஒவ்வொன்றாக இடம் மாற்றத்தான் முடியும். காரணம் கேட்கும் கட்டத்தை நிரப்பாமல் கணினி நகராது. 'மனைவியின் விரல்' என்று ஒவ்வொரு முறையும் அடித்தார். தச்சரின் பக்கம் மெல்ல மெல்ல வெறுமையானது. பிறகு அவர் கையை வெந்நீரில் நனைத்து, விரலின் பக்கவாட்டில் குத்தினார்கள். ரத்தம் உடனே வந்தது. இருநூற்று முப்பத்தாறு. டாக்டர் இன்சுலின் எழுதினார். மனைவிக்கு மாத்திரை இல்லை. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மட்டும்.

இப்போது மாலையில் வேலையை முடித்துக்கொண்டு பள்ளி மைதானத்தைச் சுற்றி நடக்கிறார்கள். அவள் கையை வீசி முன்னால் போகிறாள். அவர் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே பின்னால் வருகிறார். அடுத்த மூன்று மாத சராசரிப் பரிசோதனையில் மனைவியின் எண் 6.1 சதவீதத்திலிருந்து 5.6க்கு வந்தது. தச்சருடையது 9.8இலிருந்து 7.9.