கோதுமையோடு வந்த தம்ளர் தண்ணீர்

ஆறு வருடமாக அந்த ஊர் குடிக்கும் தண்ணீரைச் சோதித்துத் தருபவள் லூபின்கா. மலைச்சரிவு வயல்களின் உரமெல்லாம் ஆற்றில் கலக்கிற ஊர் அது. அந்த உரத்தின் நைட்ரேட் தண்ணீரில் கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து, தினமும் அளவு பார்க்காமல் குழாயைத் திறக்க முடியாது. அவளுக்கோ மூன்று மாதத்துக்கொரு ஒப்பந்தம். போன மாதம்தான், அதிசயமாக, ஆய்வகத்தில் ஒரு நிரந்தர வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். எழுதிய பதினோரு பேரில் அவள் முதல். வேலை போனது ஒன்பதாவதாக வந்த ஒக்னியனுக்கு. அவன் ஆய்வக இயக்குநர் மிலுடின் ஞானஸ்நானத்தில் கையேந்திய ஞானப்பிள்ளை. செர்பியாவில் அந்த உறவு ரத்த உறவுக்கும் ஒரு படி மேல்.

கேட்டதற்கு, ஆட்கள் ஒரே மாதிரி இருந்தால்தான் வேலை சுமுகமாக நடக்கும் என்று சிரித்தார் மிலுடின். ஆய்வகத்தின் மற்ற நான்கு பேரும் அவருடைய கிராமத்துக்காரர்கள், ஒரே கால்பந்து அணிக்குத் தொண்டை கிழியக் கத்துபவர்கள், புனித நிக்கோலாவைக் குடும்பப் புனிதராகக் கொண்டாடுபவர்கள். லூபின்காவின் குடும்பம் போருக்குத் தப்பி டிராக்டரில் வந்தது. அவர்களுடைய புனிதர் ஜார்ஜ். முப்பது வருடமாகியும் அவள் வந்தேறிதான். நைட்ரேட்டை எந்தப் புனிதர் வந்து அளந்து தருவார் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

புத்தாண்டோடு ஒப்பந்தம் முடிகிறது. குடும்பப் புனிதரின் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, கதவு திறந்தே இருக்கும், போய் மிலுடின் கண்ணில் பட்டால் இன்னொரு மூன்று மாதமாவது கிடைக்கும் என்று அம்மா நச்சரித்தாள். மானம் பிடுங்கித் தின்ன, ஒரு புட்டி ஒயினும் காப்பிப்பொடியும் எடுத்துக்கொண்டு நிக்கோலா நாளன்று மிலுடின் வீட்டுக்குப் போனாள்.

அன்று வருகிற விருந்தாளியை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். மிலுடினின் மனைவி ஸாகோர்கா முறைப்படி ஒரு கரண்டி கோதுமை இனிப்பும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்தாள். மேசை நிறைய மீன். சுற்றிலும் அதே ஆய்வக முகங்கள்.

"நல்லவேளை வந்தேம்மா," என்றார் மிலுடின். "நம்ம ஒக்னியனுக்கு அந்தச் சோதனையெல்லாம் பிடிபடல. புத்தாண்டுக்குள்ள நீயே சொல்லிக் குடுத்துரு. நீயும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே."

ஒக்னியன் வாய் நிறைய மீனோடு தலையாட்டினான். வெட்கமென்று ஒன்று அந்த மேசையில் ஒருவருக்காவது இருந்திருக்கலாம்.

லூபின்கா தம்ளரை எடுத்தாள். "இத இன்னைக்குக் காலையில சோதிச்சது நான் சார். அதனால தைரியமா குடிக்கிறேன்." முழுவதும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஜனவரியிலேருந்து உங்க பிள்ளை சோதிப்பாரு. அப்பவும் எல்லாரும் இதே மாதிரி குடிங்க. நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கப் போறதில்ல."

விருந்தாளியை வெளியே போ என்று சொல்ல முடியாமல் மிலுடின் முகம் சிவந்தார். யாருடைய கையும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. அவளே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். மூன்று மாத ஒப்பந்தமும் அதோடு போயிற்று.

வாசற்கதவருகே ஸாகோர்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று லூபின்கா நின்றாள். அவளோ வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா, ஜனவரியிலேருந்து தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிச்சாப் போதுமா? பேரப்பிள்ளைங்க இருக்குதுங்க."

"கொதிக்க வெச்சா நைட்ரேட் போகாதுக்கா," என்றாள் லூபின்கா. "ஒக்னியன் இதக்கூடச் சொல்லலையா?"