கடைசி ஈடு

புளி ஐஸை அம்பாரோ அப்பாவின் உதட்டில் வைத்து எடுத்தாள். சப்பச் சொல்லவில்லை. வைத்து எடுத்தாள், அவ்வளவுதான். கஞ்சியைத் திருப்பியனுப்பிய தொண்டை இந்தக் குச்சி ஐஸின் ஈரத்தை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டிருந்தது.

"இனிப்பு சரியா இருக்கா?" என்றார் எலாதியோ.

ஐஸ் இருப்பது அவர் வாயில்தான். ஆனாலும் கேட்டது மகளை.

"இருக்குப்பா."

"அப்போ சரி."

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இது பழைய ஏற்பாடு. முன்பு ஒரு காய்ச்சல் வந்து போனபோது அவருடைய நாக்கின் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. சீனியும் சுண்ணாம்பும் ஒன்றுதான் அவருக்கு. விஷயம் வீட்டுச் சுவரைத் தாண்டவில்லை. நாக்குச் செத்த ஐஸ்காரனிடம் யார் வாங்குவார்கள்? அன்றிலிருந்து பின்கட்டில் முழங்கைவரை புளியோடு நின்று கரைப்பது, ருசி பார்ப்பது, அச்சில் ஊற்றுவது எல்லாம் அம்பாரோ. முன்னால் நின்று, "எல்லாம் இந்தக் கை செய்யற வேலை" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவது எலாதியோ. ஊரும் அந்தக் கையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஐஸை வாங்கிக்கொண்டு போகும்.

"கடைசி ஈட்டை உன் தம்பி நபோர் ஊத்தட்டும்" என்றார்.

ஐஸ் அவள் கையில் ஒரு சொட்டு விட்டது.

அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம். கடைக்காரன் செத்தால் அடக்கம் முடிந்து திரும்புகிற எல்லோருக்கும் முற்றத்தில் குச்சி ஐஸ் கொடுப்பார்கள். மெஷினில் செய்தது ஆகாது. எலாதியோவின் தாத்தா வைத்திருந்த மரத் தொட்டியில், உடைத்த ஐஸும் கல்லுப்பும் நிரப்பி, தகர அச்சுகளை இறக்கி உறையவைத்தது. மிச்சோகான் மாநிலத்தின் அந்த மூலைக்கு மின்சாரம் வராத காலத்தில், மலையிலிருந்து வைக்கோலில் சுற்றிய பனிக்கட்டி கோவேறு கழுதைமேல் வரும். வழியில் பாதி கரைந்து கழுதையின் வயிற்றை நனைத்திருக்கும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அந்தத் தாத்தா தொழில் தொடங்கினார். குச்சிக்கு நாணலைச் சீவினார். அந்தத் தொட்டியில் கடைசி ஈட்டை எவன் ஊற்றுகிறானோ, கடை அவனுடையது. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. நக்கிய ஊரே சாட்சி.

"நபோர் குவாதலஹாரா பட்டணத்துல செல்போன் உறை வித்துக்கிட்டு இருக்கான்பா" என்றாள் அம்பாரோ.

"அது ஓடல. வரட்டும். கடைப் பலகையில ஆம்பளைப் பேரு இருக்கணும்."

"இவ்வளவு நாளும் யாரு..."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ பின்னாடி இருந்தே, நான் முன்னாடி இருந்தேன். நல்லாத்தானே ஓடுச்சு? இனிமே அவன் முன்னாடி. நீ கூட நின்னு சொல்லிக் குடு. பெரியவ நீ."

வியாபாரி பேச்சு. சரக்கைக் கை மாற்றும்போது வேலைக்காரியையும் சேர்த்துக் கை மாற்றிவிட்டார். அவள் மறுபடி ஐஸை உதட்டில் வைத்தாள். இந்தத் தடவை அவர் இனிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மூச்சு நின்றிருந்தது. அவர் கண்களை மூடிவிட்டு, அவள் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, குச்சி மட்டும் தட்டில் ஒட்டிக்கிடந்தது.

சாயங்காலப் பேருந்தில் நபோர் மனைவி கிரிசெல்தாவோடு வந்து இறங்கினான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதான். கெட்டவன் இல்லை; எதையும் தொட்டுப் பாதியில் விடுகிறவன், அவ்வளவுதான். முன்னறைத் தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, நான்கு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ஜெபம் சொல்ல வந்த சோனாக் கிழவி மணியை உருட்டியபடியே, இரண்டு ஜெபத்துக்கு நடுவில் அம்பாரோவிடம் குனிந்தாள்.

"நாளைக்குப் புளியா, தேங்காயா?"

"புளி."

"நல்லதாப் போச்சு. தேங்காய்னா எனக்குப் பல்லு இடுக்குல சிக்கும்" என்றுவிட்டு அடுத்த ஜெபத்தை உரக்கத் தொடங்கினாள்.

எலாதியோவின் ஆயுள்கால நண்பர் மகாரியோ, செருப்புக்கடைக்காரர், காப்பியில் சாராயத்தைக் கலந்து வைத்துக்கொண்டு மூலையில் சபை நடத்தினார்.

"கண்ணைக் கட்டிவிடு, நூறு கடை ஐஸை வாயில வை. எலாதியோ கை பட்டது எதுன்னு நான் சொல்லிடுவேன்."

"நேத்துக்கூட என் பேத்தி ஒண்ணு வாங்கிட்டு வந்தா" என்றாள் சோனா. "அதே கை. கொஞ்சமும் மாறல."

எலாதியோ கட்டிலில் விழுந்து மழைக்காலம் ஒன்று முழுசாகப் போயிருந்தது. நேற்று அவர் எந்தக் கையால் ஊற்றினார் என்று அறையில் ஒருவரும் கேட்கவில்லை. அம்பாரோ அவர்களுடைய கோப்பைகளில் காப்பியை நிரப்பிக்கொண்டே போனாள். நிரப்பும்போதே அவளுக்குள் ஒரு கணக்கு ஓடிற்று. இவ்வளவு நாக்குகள், இவ்வளவு பெருமை. நபோர் ஊற்றட்டும். முதல் சப்பிலேயே இந்த மகாரியோ முகத்தைச் சுளிப்பார். பிறகு சோனா துப்புவாள். அப்புறம் எல்லாத் தலையும் பின்கட்டுப் பக்கம் திரும்பும். அவள் வாய் திறக்கவே வேண்டாம். கடை வீட்டுப் பெண். பந்தயம் கட்டத் தெரியாதா?

மறுநாள் காலை, பெட்டியை எடுப்பதற்கு முன்பே முற்றத்தில் தொட்டியைக் கழுவி வைத்தார்கள். நபோர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு புளிக்கரைசலில் சீனியைக் கொட்டிக் கலக்கினான். காய்ந்த மிளகாய்த் தூளைத் தூவினான். கரண்டியில் எடுத்து வாயில் விட்டுச் சப்புக்கொட்டினான்.

"போதும். இதுக்கு மேல போட்டா திகட்டும். இல்லக்கா?"

திகட்டத்தான் வேண்டும். குளிர், இனிப்பில் பாதியைத் தின்றுவிடும். கரைசல் வாயில் குமட்டுகிற அளவுக்கு இனித்தால்தான் உறைந்தபின் சரியாக வரும். பிச்சையெடுக்கிற ஐஸ்காரனுக்குக்கூடத் தெரியும். சீனி அளக்கும் முகவை அவள் கையில்தான் இருந்தது.

"உன் ஈடு" என்றாள். "உன் வாய்க்குச் சரின்னா சரி."

"அப்பா உன்னைச் சொல்லிக் குடுக்கச் சொன்னாரே?"

"யாரு சொன்னா?"

"அவரே போன்ல சொன்னாரு, போன வாரம். 'அக்கா இருக்கா, உனக்கு என்ன கவலை'ன்னாரு."

போன வாரமே பேசி முடித்துவிட்டுத்தான் நேற்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அம்பாரோ முகவையைச் சீனி மூட்டைக்குள் போட்டாள்.

நபோர் அச்சுகளை இறக்கினான். சீக்கிரம் உறையட்டும் என்று ஐஸையும் கல்லுப்பையும் அச்சு விளிம்புவரை அள்ளி அடைத்துவிட்டு, தொட்டியை வேகவேகமாக ஆட்டினான். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் அச்சு வாய்க்கு இரண்டு விரல் கீழேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா கையில் அடிப்பார். மூலை அச்சு ஒன்றில் தண்ணீர் ஏறி உள்ளே வழிந்ததை அம்பாரோ பார்த்தாள். அடுத்தடுத்த அச்சுகளிலும் வழிந்தது. அவனும் பார்த்திருப்பான், என்ன பார்க்கிறோம் என்று தெரியாது.

ஈரச் சாக்கை எடுத்து அவளே தொட்டியை மூடினாள்.

கல்லறையில் எல்லோரும் மண் போட்டார்கள். அவளும் போட்டாள். சவக்குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் நினைத்தது சாக்கின் அடியில் இருப்பதை. அதற்காக வெட்கப்பட நேரமில்லை, வெயில் அப்படி.

திரும்பி வந்ததும் நபோர் அச்சுகளை வெந்நீரில் முக்கி ஒவ்வொன்றாக உருவினான். முதல் ஐஸை ஒரு கண்ணாடித் தம்ளரில் நிறுத்தி அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தான். இரண்டாவது மகாரியோவுக்கு. முற்றம் முழுக்கக் கறுப்பு உடையும் வேர்வையும். அம்பாரோ தூணோரம் நின்று மகாரியோவின் வாயையே பார்த்தாள்.

சப்பினார். கன்னம் ஒருமுறை இழுத்தது. நின்றார். இன்னொரு முறை சப்பினார். கண்ணில் தண்ணீர் திரண்டது.

"எலாதியோ!" என்றார் உடைந்த குரலில். "அப்படியே எலாதியோதாண்டா!"

"அந்த உப்பைக் கவனிச்சீங்களா?" என்றாள் சோனா, நாக்கைச் சுழற்றி. "புளிக்கு ஒரு கல்லு உப்பு போடுவான். அதான் அவனோட சூட்சுமம். யாருக்கும் சொன்னதில்ல."

அவர் எந்தக் காலத்திலும் உப்புப் போட்டதில்லை.

"இப்ப உள்ளவன்லாம் சீனியைக் கொட்டி நாறடிக்கிறான்" என்றது ஒரு குரல். "இது பாரு, அடக்கமா இருக்கு, பழைய காலத்து ருசி."

"ரத்தம்யா அது. எங்க போகும்?" மகாரியோ நபோரின் தோளைத் தட்டினார். "பலகையில பேரை மாத்துடா. அழாதே. எனக்கு இன்னொண்ணு குடு."

மரியாதைக்குச் சொல்கிறவன் இரண்டாவது கேட்க மாட்டான். அதையும் அம்பாரோ பார்த்தாள். மகாரியோ இரண்டாவதையும் குச்சி தெரிகிறவரை சப்பினார். குழந்தைகள்கூட வரிசையில் மறுபடி வந்து நின்றன. யாருடைய தலையும் பின்கட்டுப் பக்கம் திரும்பவில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் கிரிசெல்தா அவள் பக்கத்தில் வந்தாள். "அண்ணி, நீங்க எப்பவும்போலப் பின்னாடி பார்த்துக்கங்க. முன்னாடி கூட்டத்தை நாங்க சமாளிச்சுக்குவோம். உங்களுக்கு வேலை குறையும்."

அவள் போனபின் நபோர் வந்தான். கையில் பாதி கடித்த ஐஸ். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. கரிக்குதா? எனக்கு என்னமோ கரிக்கிற மாதிரி இருக்கு."

முற்றம் முழுவதிலும் ஒரே ஒரு நாக்கு வேலை செய்திருக்கிறது, அதுவும் இவனுடையது. அம்பாரோ அவன் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் அதே மோவாய்.

"ஊரே நல்லா இருக்குன்னு சொல்லிடுச்சு" என்றாள். "நீ யாரு, ஊரை விடப் பெரியவனா?"

அவன் முகம் தெளிந்தது. மீதியைக் கடித்துக்கொண்டே மகாரியோவிடம் போனான்.

அம்பாரோ வாளியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் கிடந்த குச்சிகளைப் பொறுக்கத் தொடங்கினாள். பெஞ்சின் அடியில், பூந்தொட்டியில், கிணற்றுச் சுவரில். ஒரு குச்சியில்கூட ஐஸ் மிச்சமில்லை; கழுவி வைத்ததுபோல் இருந்தன. தூணோரம் வந்தபோதுதான் தன் பங்கை அங்கேயே வைத்துவிட்டது நினைவு வந்தது. மூலை அச்சில் எடுத்தது. குச்சி சாய்ந்து, ஐஸ் முழுவதும் கரைந்து, தரையில் பழுப்பாகத் தேங்கியிருந்தது. சுவரிலிருந்து ஓர் எறும்புச் சாரி இறங்கி அதுவரை வந்தது. முன்னால் வந்த எறும்பு விளிம்பைத் தொட்டுப் பார்த்தது. பிறகு சாரி மொத்தமும் அந்தத் தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு, சீனி மூட்டை இருந்த பக்கம் போயிற்று.