ஈவ்லின் டீச்சர் வீட்டுப் பூனைக் கதவு

கச்சேரி ரோட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில், ஈவ்லின் டீச்சர் வீட்டு வாசற்கதவில் பூனைக்காக வெட்டிய கதவு ஒன்பது அங்குல உயரம், ஏழு அங்குல அகலம். முதல் வருடத்தில் அதன் வழியாக இருநூற்றுப் பதினான்கு பேர் வீட்டுக்குள் வந்தார்கள். பூனையை இதில் சேர்க்கவில்லை.

பூனையின் பெயர் சுப்பீரியர். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, யாரையும் சட்டை செய்யாத நடை. டீச்சர் முப்பது வருடம் வேலை பார்த்த கான்வென்ட்டின் தலைமை சிஸ்டரான மதர் சுப்பீரியரை அப்படியே உரித்து வைத்திருந்ததால் அந்தப் பெயர். அது ஒரு நாளைக்கு நாற்பது தடவை வெளியே போகவேண்டும் என்று கத்தும், போனதும் உள்ளே வரவேண்டும் என்று கத்தும். டீச்சருக்கு முட்டிவலி. கணவர் ராஜநாயகம் கிரிக்கெட் ஓடும்போது வீடே பற்றி எரிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஆகவே 2022 மார்ச்சில் ஆசாரி வலியுல்லா பாயைக் கூப்பிட்டார்கள். அவர் பர்மா தேக்குக் கதவைத் தட்டிப் பார்த்து, “இன்னா டீச்சர், கதவுக்கே ஒரு கதவா? இப்டி ஒரு மரத்துல ஓட்ட போட கை வரமாட்டேங்குது” என்றார். கை வந்தது. சுப்பீரியரைப் பிடித்து அளவெடுத்ததில் மூன்று கீறல் வாங்கிக்கொண்டு, மேலே கீல் வைத்த ஒரு குட்டிக் கதவை அரை நாளில் மாட்டிவிட்டுப் போனார்.

ஈஸ்டர் முடிந்து பங்குச் சாமியார் வீடுவீடாக மந்திரிக்க வந்தபோதுதான் விஷயம் நடந்தது. தீர்த்தம் தெளித்துவிட்டுக் கிளம்ப இருந்த ஃபாதர் இன்னாசிமுத்துவை டீச்சர் நிறுத்தி, கதவு புதுசு, இதையும் மந்திரித்துவிடுங்கள் என்று கேட்டார். ஃபாதர் மண்டியிட்டு ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் புரண்டு, வீட்டுக்கான ஜெபத்துக்குப் பதிலாகப் புதுக் கோயிலின் வாசலைத் திறக்கும்போது சொல்லும் ஜெபம் வந்து நின்றது. கண்ணாடியை வேறு மறந்துவிட்டு வந்திருந்தார். வருகிறவர் யாராயிருந்தாலும், எப்பேர்ப்பட்டவராயிருந்தாலும் வெளியே நிற்கவைக்காதே என்று அந்தக் குட்டிக் கதவுக்கு முழுசாகப் படித்து, ஆமென் சொல்லி, தீர்த்தமும் தெளித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை டீச்சர் பால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ராஜநாயகம் மார்க்கெட்டில் இருந்தார். எதிர்வீட்டு அஃப்சருன்னிசா தீய்ந்த வாடை பிடித்து ஓடிவந்து, குனிந்து பூனைக் கதவைத் தள்ளி, “டீச்சர்!” என்று கத்தினார். தலை உள்ளே போனது. அடுத்த நொடி அவரே ஹாலில் இருந்தார். எண்பத்தாறு கிலோ உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. அவர் முதலில் அடுப்பை அணைத்தார், பிறகுதான் ஆச்சரியப்பட்டார். அதன்பின் சந்துக்கே அது பழகிப்போனது. தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், அவ்வளவுதான் விதி. சிலிண்டர்காரர் சிலிண்டரோடு வந்தார். ஓட்டையை அளக்க வந்த அதிகாரி ஒருவர் டேப்போடு உள்ளே விழுந்து, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, அளவு சரிதான் என்று எழுதிக்கொண்டு போனார். பெரிய கதவில் இடித்துக்கொண்டு நின்ற புது ஃபிரிட்ஜுக்கு எது தலை என்று பத்து நிமிடம் விவாதம் நடந்தது; ஃப்ரீஸர் பக்கம் என்று முடிவாகி, அதுவும் கோடு விழாமல் உள்ளே போனது. தப்பு ஜெபம் படித்ததை ஃபாதர் பல மாதம் கழித்துக் கண்டுபிடித்து, வந்து சரியானதைப் படிக்கட்டுமா என்று சங்கடத்தோடு கேட்டார். அடுத்து வாஷிங் மெஷின் வாங்குவதாக இருக்கிறோம், இருக்கட்டும் ஃபாதர் என்று ராஜநாயகம் சொல்லிவிட்டார்.

ஊரே உள்ளே வந்தது. ஈவ்லின் டீச்சரின் தம்பி ஷெல்டன் மட்டும் வரவில்லை. டீச்சரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது அதுதான். 2011 மே மாதம் அவர்கள் அம்மா இந்த வீட்டில்தான் இறந்தார். மஸ்கட்டில் வேலையிலிருந்த ஷெல்டன் கிடைத்த விமானத்தைப் பிடித்துச் சென்னையில் இறங்கியபோது மணி ஏழு. அம்மாவை ஐந்து மணிக்கே அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். அவர் நேராகக் கல்லறைக்குப் போனார். அக்கா வீட்டுக்கு வரவில்லை. அந்த வருடமே மஸ்கட்டை விட்டு வந்து கே.கே. நகரில் குடியேறிய பின்னும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஒரு தட்டில் கல்கலும் ரோஸ் குக்கியும் கொண்டுவந்து எதிர்வீட்டு அஃப்சருன்னிசாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்பதால் டீச்சர் அதில் கேக் வைத்து அதே வழியில் அனுப்புவார். பதினோரு வருடமாக அந்தத் தட்டு ஒன்றுதான் இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தது. அம்மா முகத்தைப் பார்க்கவிடாத பாவி என்று தம்பி தன்னை நினைத்துக்கொண்டிருக்கும்போதே தான் செத்துப்போய்விடுவோமோ என்று டீச்சருக்குப் பயம். அவருக்கு அறுபத்தெட்டு, தம்பிக்கு அறுபத்து மூன்று.

அந்த டிசம்பர் இருபத்து நான்காம் தேதி அஃப்சருன்னிசா குடும்பம் ஆம்பூரில் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தது. பூட்டிய வீட்டின் முன் ஷெல்டன் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே அக்கா வீட்டுக் கதவில் தோதாக ஒரு ஓட்டை. அதன் சமாச்சாரம் கே.கே. நகர்வரை எட்டியிருக்கவில்லை. தட்டை உள்ளே தள்ளிவிட்டு நழுவிவிடலாம் என்று குனிந்தார், தள்ளினார். பூனை வாய் வைத்துவிடுமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. எட்டிப் பார்த்தார். தலை உள்ளே போனது.

ஹாலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தபோது, ஆறடி உயரமும் தொப்பையுமாகத் தம்பி தரையில் நாலு காலில் இருந்தார்.

“நானா வரல. கதவு இழுத்துடுச்சு,” என்றார் ஷெல்டன்.

“அது யாரையும் இழுக்காதுடா. தலைய நீதான் விட்ட.”

பதினோரு வருடத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. ஷெல்டன் எழுந்து போய்விட நினைத்தார், எழவில்லை. “ரெண்டு மணி நேரம்க்கா. ரெண்டே மணி நேரம் வச்சிருந்தா அம்மாவ பாத்திருப்பேன்,” என்றார்.

இதற்கு டீச்சரிடம் பதில் தயாராக இருந்தது. மே மாத வெயில், ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை, அஞ்சு மணிக்கு மேல் சாமியாருக்கு வேறு பூசை. எல்லாம் நிஜம்தான். ஊர் முழுக்க அதைத்தான் சொல்லியிருந்தார். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“வச்சிருக்கலாம்டா. பக்கத்துல எல்லாரும் வைக்கலாம்னுதான் சொன்னாங்க. அம்மா மூஞ்சி மாறிக்கினே வந்துச்சு, என்னால பாக்க முடியல. நீ வந்துக்கினு இருக்கன்னு தெரிஞ்சும் நான்தான் பெட்டிய மூடச் சொன்னேன். தப்பு என்னுதுதான்.”

சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கித் தம்பி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முட்டி வலிக்குமே என்றார் ஷெல்டன். வலிக்கட்டும் என்றார் டீச்சர். இரண்டு பேரும் அழுதார்கள், ஒளிவுமறைவு இல்லாமல். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ராஜநாயகம் எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டு, சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார்.

“கடைசில எப்டிக்கா இருந்துச்சு, மூஞ்சி?”

டீச்சர் யோசித்தார். “ரசத்துல யாரோ உப்ப அள்ளிப் போட்ட மாதிரி. ஆனா வெளிய சொல்லாம முழுங்கிட்ட மாதிரி.”

ஷெல்டனுக்கு அந்த முகம் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். நெத்திலி வறுபடும்வரை இருந்து, சாப்பிட்டு, டீச்சர் திறந்துவிட்ட பெரிய கதவு வழியாக நிமிர்ந்து நடந்து போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தார். ராஜநாயகம் பெரிய கதவை விரியத் திறந்து வைத்து, வாங்க மாப்ள என்று வாசலில் நின்றார். ஷெல்டன் கொஞ்சம் தள்ளிக்குங்க மாமா என்று சொல்லி, கதவைப் பாதி சாத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, மண்டியிட்டுச் சின்னக் கதவு வழியாக வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் அரை கிலோ மட்டன் கூடுதலாக வாங்குகிறார்.